கெடுத்துக் காட்டும் பலகை

மோட்டார் கன்ட்ரோல் பயிற்சிப் பலகை வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எத்தனை கான்டாக்டர் (மோட்டாரின் மின்சாரத்தைக் காந்தத்தால் சேர்த்து விடும் சுவிட்ச்) வேண்டும், பி.எல்.சி. (எந்திரங்களை ஓட்டும் சின்னக் கணினி) சேர்த்து வாங்கலாமா, டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) அவசியமா, விலை எவ்வளவு வரும். கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. நடத்தும் நண்பர்களும் கேட்கிறார்கள், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்டறை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பலகையை எப்படியெல்லாம் கெடுக்க முடியும்?

ஒழுங்காக ஓடுகிற மோட்டாரை வைத்துக்கொண்டு பழுது பார்க்கக் கற்றுத்தர முடியாது. பழுது வேண்டும். அதுவும் நான் நினைத்த நேரத்தில் வர வேண்டும், நினைத்த நேரத்தில் போக வேண்டும், யாருக்கும் ஆபத்து இல்லாமல் வந்து போக வேண்டும். பயிற்சிக் கருவி என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். ஒயரிங் பழக ஒரு மரப்பலகையும் நாலு கான்டாக்டரும் போதும்.

நான் டர்பனில் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் வேலை செய்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தொழிற்கல்லூரியில் படித்துவிட்டு வருகிறவர்கள். இந்த நாட்டில் 'என்' என்ற எழுத்தோடு எண் போட்டுப் படிப்படியாகப் போகும் தொழில்நுட்பப் படிப்புகள் உண்டு, அவற்றில் மேல்படி என்-6. என்-6 முடித்த பிள்ளை, மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் மெல்லக் கிளப்பிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா வரைபடத்தைக் கேட்ட மாத்திரத்தில் போட்டுக் காட்டும். ஸ்டாரில் தொடக்கக் கரன்ட் மூன்றில் ஒரு பங்காகும், முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகும் என்று கணக்கோடு சொல்லும். அதே பிள்ளையை, உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிற ஒரு மோட்டாருக்கு முன்னால் நிறுத்தினால் கை தானாக ஸ்க்ரூ டிரைவருக்குப் போகும். கான்டாக்டரைக் கழற்றிப் புதுசு மாட்டும். சரியாகவில்லையா, கரன்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மாற்றும். அப்புறம் மோட்டாரையே மாற்றச் சொல்லும். எத்தனையோ தொழிற்சாலைகளில் இருபது வருடம் வேலை பார்த்தவர்களும் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தே காலம் தள்ளுகிறார்கள். மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை என்பதை ஒரு மீட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கும்.

சந்தையில் கிடைக்கும் பலகைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஜெர்மனியின் லூக்காஸ்-நூலே, அமெரிக்காவின் ஆமட்ரோல், 2014இல் லேப்-வோல்ட்டை வாங்கிக்கொண்ட ஃபெஸ்டோ என்று பல பேர் அருமையாகச் செய்கிறார்கள். அலுமினியச் சட்டத்தில் கான்டாக்டர், ஓவர்லோடு, டைமர், புஷ் பட்டன், விளக்கு எல்லாம் தனித்தனித் துண்டாக மாட்டியிருக்கும். விரல் படாத பாதுகாப்பு ஜாக்குகள், சின்ன மூன்று ஃபேஸ் மோட்டார், அதற்குச் சுமை கொடுக்க ஒரு பிரேக். பின்பக்கம் பூட்டிய ஒரு பெட்டி. ஆசிரியர் அதைத் திறந்து ஒரு சுவிட்சைத் தட்டினால் எங்கோ ஒரு ஒயர் அறுந்ததுபோல ஆகிவிடும். இப்போது கம்ப்யூட்டரிலிருந்தே பழுதைப் போடுகிற வகைகளும் வந்துவிட்டன.

வெளிநாட்டுப் பலகை வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் முதல் நாளே கவனித்துவிடுங்கள், ஒயரின் நிறம். ஐரோப்பாவில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். தென்னாப்பிரிக்கப் பட்டறைகளில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். நம் ஊரில் நடு ஃபேஸ் மஞ்சள், மற்றபடி இதேதான். அதாவது பலகையில் நீலத்தை நியூட்ரல் என்று பழகிய பிள்ளை மறுநாள் தொழிற்சாலையில் நீலத்தைத் தொட்டால் அது உயிருள்ள ஃபேஸ். எங்கள் மையத்தில் வந்து இறங்கிய பலகையின் ஒயர்களை எல்லாம் உருவி இந்த ஊர் நிறத்தில் திரும்ப இழுத்தோம். அதற்கு ஆன நேரத்தைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை. அமெரிக்கப் பலகை என்றால் 50 ஹெர்ட்ஸ், 400 வோல்ட் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வரைபடமும் அவர்கள் முறையில்தான் இருக்கும். 13-14, 21-22, 95-96 என்று டெர்மினல் எண்களைப் பார்த்தே ஒயர் பிடிக்கிற நம் பிள்ளைகள் அதில் தடுமாறிப்போவார்கள்.

சரி, பூட்டிய பெட்டி. அதில் வரும் பழுதுகளில் முக்கால்வாசி சுத்தமான அறுபடல். ஒயர் இருக்கிறது அல்லது இல்லை. தொடக்கத்துக்கு இது ரொம்ப நல்லது, ஏனென்றால் மீட்டர் பிடிக்கும் ஒழுங்கு இதில்தான் வரும்.

மோட்டாரை நேரடியாக லைனில் சேர்க்கும் ஒரு சாதாரண டி.ஓ.எல். ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் 230 வோல்ட். ஃபியூஸ், அப்புறம் ஓவர்லோடின் 95-96 கான்டாக்ட், அப்புறம் ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், கடைசியில் கான்டாக்டரை இழுக்கும் காயிலின் ஏ1, ஏ2 முனைகள். ஸ்டார்ட்டை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. புதுப் பிள்ளை ஃபியூஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு புள்ளியாக நகரும். நான் நடுவிலிருந்து தொடங்கச் சொல்வேன். மீட்டரின் ஒரு முனை நியூட்ரலில் நிற்கட்டும், இன்னொரு முனையை ஸ்டாப் பட்டனிலிருந்து ஸ்டார்ட்டுக்குப் போகும் டெர்மினலில் வை. 230 வந்தால் அதற்கு மேலே உள்ள எல்லாமே தப்பித்தது. வராவிட்டால் கீழே உள்ளதை இப்போதைக்கு மறந்துவிடு. பிறகு மிச்சத்தில் பாதி. மூன்று அளவில் இடம் கிடைத்துவிடும். இன்னொரு பாடமும் இதிலேயே இருக்கிறது. ஸ்டார்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கான்டாக்ட்டின் இரு பக்கமும் மீட்டர் வைத்தால், மூடியிருக்கும் நல்ல கான்டாக்ட்டில் பூஜ்யம் வரும், திறந்துகிடக்கும் ஒன்றில் முழு 230ம் வரும். "வோல்டேஜ் இருந்தா நல்லதுதானே அங்கிள்?" என்று டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதிப் பையன் ஒருவன் கேட்டான். கான்டாக்ட்டுக்குக் குறுக்கே வோல்டேஜ் தெரிந்தால் அதுதான் குற்றவாளி என்பது புரிய அவனுக்கு அன்று மதியம் முழுக்க ஆனது. புரிந்த பிறகு அவன் மீட்டர் பிடிக்கும் விதமே மாறிவிட்டது. ஒரே வரியில் இரண்டு இடம் அறுந்திருந்தால் இந்த முறை எங்குமே ஒன்றும் காட்டாது என்பதையும் அவனே அடுத்த நாள் கண்டுபிடித்துச் சொன்னான்.

ஆனால் தொழிற்சாலையில் ஒயர் இப்படிச் சுத்தமாக அறுவது கொஞ்சம்தான். டர்பனின் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கிறது. இந்த மாகாணத்தின் வடகரையில் இன்னும் கரும்பு அரைக்கிறார்கள், அங்கே பேனலுக்குள் சர்க்கரைத் தூசி படிந்து ஈரம் பட்டதும் பிசினாகும். ஒயர் நுனியில் மாட்டும் லக்கைச் சரியாக நசுக்காமல் விட்ட இடம் ஆறு மாதம் சூடாகிச் சூடாகிக் கறுக்கும். இதெல்லாம் பாதி அறுந்த பழுதுகள். இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை.

இந்த வகையில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலகையில் செய்து காட்டுவது சுலபம், காட்டாமல் விட்டால் வேறு எங்கும் கற்க வழியில்லை. சிறிய கான்டாக்டரின் காயில் இழுக்கும் அந்தக் கணத்தில் அறுபது எழுபது வோல்ட்-ஆம்பியர் கேட்கும். ஒட்டிக்கொண்ட பிறகு அதில் பத்தில் ஒரு பங்கு அளவு போதும். ஸ்டாப் பட்டனுக்குப் பின்னால் முந்நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் ஒளித்துவையுங்கள், சூடு தாங்கும் அளவில். இப்போது பிள்ளை காயில் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த ஒயரில் மீட்டர் வைக்கிறது. 230 என்று அழகாகக் காட்டுகிறது. "சப்ளை நல்லா இருக்கு, காயில்தான் போச்சு" என்று காயிலை மாற்றுகிறது. புதுக் காயிலும் படபடவென்று அடிக்கிறது. ஏனென்றால் மீட்டர் கேட்கும் கரன்ட் மிகச் சிறிது, அதற்கு முந்நூறு ஓம் ஒரு தடையே இல்லை. காயில் கேட்கும்போதுதான் ரெசிஸ்டரில் வோல்டேஜ் விழுகிறது. காயிலை மாட்டியபடியே, அது இழுக்க முயலும் நேரத்தில் ஏ1-ஏ2 குறுக்கே பார்க்க வேண்டும். குறித்த வோல்டேஜில் 85 சதவீதம் மட்டும் வந்தாலும் காயில் இழுத்தாக வேண்டும் என்பது தரவிதி. 230க்கு அது சுமார் 195. அதற்குக் கீழே போனால் காயிலைக் குற்றம் சொல்ல முடியாது. சுமை இருக்கும்போது அளப்பது என்ற பழக்கம் ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு ரெசிஸ்டரால் வந்துவிடும். இதே பாடம்தான் பவர் பக்கம் வரும்போது, ஓடும் மோட்டாரின் கான்டாக்டரில் மூன்று போல்களுக்கும் குறுக்கே மில்லிவோல்ட் அளந்து ஒப்பிடுவது என்று வளர்கிறது. இரண்டு ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால், அந்த முனை தேய்ந்துபோயிருக்கிறது என்று திறக்காமலே சொல்லலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, இல்லாத வோல்டேஜைக் காட்டும் பழுது. மேசைக்கு அடியில் ஒரு பெரிய சுருள் மல்டிகோர் கேபிளைப் போட்டு, தூரத்து ஸ்டார்ட் பட்டனை அதன் வழியாக இழுத்திருக்கிறோம். அறுந்துகிடக்கும் கோரில்கூட, பக்கத்துக் கோரின் தயவில், டிஜிட்டல் மீட்டர் எண்பது தொண்ணூறு வோல்ட் என்று காட்டும். டெஸ்ட் லேம்ப் வைத்தால் மினுங்காது. குறைந்த தடையில் அளக்கும் வசதியுள்ள மீட்டரில் அந்த ரீடிங் அப்படியே சரிந்துவிடும். கடைப் பலகையில் இருக்கும் அரை மீட்டர் ஒயர்களில் இந்தப் பேய் வராது.

இந்த அழுக்குப் பழுதுகளை எங்கே பிடிப்பது? எங்களுக்கு வழி காட்டியது வெள்ளம். 2022 ஏப்ரலில் பெய்த மழையில் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். டர்பனுக்குத் தெற்கே உள்ள பிராஸ்பெக்டன் தாழ்வான நிலம். அங்கே டொயோட்டா தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. அதைச் சுற்றியிருந்த சின்னப் பட்டறைகளின் பாடு யார் கண்ணிலும் படவில்லை. அந்த வாரங்களில் நகரத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றித்தரும் ரீவைண்டிங் கடைகள் எல்லாம் ராப்பகலாக வேலை செய்தன. மோட்டாரைப் பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, சூட்டறையில் உலர்த்தி, கம்பியின் காப்பு தாங்குகிறதா என்று சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து, தேறுமா என்று பார்த்து, தேறாததை ஓரமாக அடுக்கினார்கள். மோட்டாரைக் கழுவி மீட்கலாம். மூழ்கிய கான்டாக்டரையும் ஓவர்லோடையும் மீட்கக் கூடாது, உள்ளே போன வண்டல் என்றைக்காவது காலை வாரும். அப்படி ஒதுக்கியவற்றை நாங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிவந்தோம். முழுப் பாதுகாப்புக்குள் இருக்கும் பயிற்சிப் பலகையில் அவற்றுக்கு இன்னொரு வேலை இருந்தது.

பலகையின் ஒரு பக்கத்தை அந்தப் பாகங்களுக்காகவே விட்டோம். ஒவ்வொன்றும் ஒரு தண்டவாளத்தில் மாட்டிக் கழற்றும்படி இருக்கும். துணை கான்டாக்ட் பச்சை பூத்தது ஒன்று. பை-மெட்டல் பட்டை வளைந்து, செட்டிங்கில் பாதியிலேயே விழும் ஓவர்லோடு ஒன்று. பட்டனை அழுத்தி விட்டால் பத்தில் ஏழு தடவை மட்டும் திரும்பச் சேரும் ஸ்டாப் ஒன்று. எனக்கு மிகப் பிடித்தது, காந்த முகத்தில் இருக்கும் செம்பு வளையம் உடைந்த ஒரு கான்டாக்டர். ஏ.சி. காந்தத்தில் கரன்ட் பூஜ்யத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் பிடி தளராமல் காப்பது அந்தச் சின்ன வளையம்தான். உடைந்தால் கான்டாக்டர் காது கூசும்படி அதிரும். முகத்தில் தூசி இருந்தாலும் அதிரும், வோல்டேஜ் குறைந்தாலும் அதிரும். மூன்று சத்தமும் வேறு வேறு.

இதை எனக்குச் சொல்லித்தந்தது எங்கள் மையத்துக்கு வாரத்தில் சில நாள் வந்துபோகும் ஒரு பெரியவர். சாட்ஸ்வர்த்துக்காரர், ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், எல்லாருக்கும் அங்கிள், எனக்கும்தான். 1860இல் மதராஸிலிருந்து வந்த முதல் கப்பலுக்குப் பிறகு, அதே கரும்புத் தோட்டங்களுக்கு வந்து இறங்கியவர்களின் வழி. வீட்டில் பேச்சு இங்கிலீஷ்தான். ஆனால் என்னிடம் விட்டு விட்டுத் தமிழில் பேசுவார், அவருடைய ஆயா பேசிய தமிழில். "தம்பி, மொதல்ல கையக் கட்டிக்க. அது என்னா சொல்லுது கேளு" என்பார். கேட்டுவிட்டு, திறக்காமலே, தூசி என்றோ வளையம் என்றோ சொல்வார்.

அவர் இந்தத் தொழிலைக் கற்ற கதை பலகையோடு நேரடியாகத் தொடர்புள்ளது என்று நினைக்கிறேன். 1922ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் வைத்த படிப்புத் தகுதியும் வெள்ளையர் தொழிற்சங்கங்களின் பிடியும் சேர்ந்து மற்றவர்களுக்குக் கதவை ஏறக்குறைய மூடின. 1956ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வேலை எந்த இனத்துக்கு என்று ஒதுக்கவே அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆக அவர் வருடக்கணக்கில் 'ஸ்பேனர் பாய்'. கருவியை எடுத்துக் கொடுப்பது, ஏணி பிடிப்பது, பார்ப்பது. பேனலைத் தொட அனுமதியில்லாதவனுக்குக் காதும் கண்ணும்தான் மீட்டர். ராத்திரியில் எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் படித்தார். கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து வியாபாரத்தில் உயர்ந்த ஒருவர் கொடுத்த கொடையின் பேரில், இந்தியர்களுக்கென்று 1946இல் அமைந்த கல்லூரி அது. 2002இல் நட்டால் டெக்னிகானோடு இணைந்து இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. பாடம் அங்கே கிடைத்தது. கையால் தொட்டுப் பழகும் இடம்தான் கிடைக்கவில்லை. எல்லா இனத்தாரும் பழகுநராகச் சேர 1981இல் வந்த சட்டம்தான் வழிவிட்டது, அப்போது அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இன்று எங்கள் பலகை முன்னால் உம்லாசியிலிருந்து வரும் சூலுப் பெண்ணும், ஃபீனிக்ஸிலிருந்து வரும் தமிழ்ப் பையனும் ஒரே மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது அவசரப்பட்டால் மட்டும் வாய் திறப்பார்.

அந்த உம்லாசிப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டார்-டெல்டாவில் நான் மெனக்கெட்டுச் செய்துவைத்த ஒரு பழுது உண்டு. டெல்டா கான்டாக்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரையும் ஒரு சுற்று மாற்றி, ஒரு சுருளின் தொடக்க முனையான யு1 எந்த ஃபேஸோ அதே ஃபேஸ் மறுமுனையான யு2க்கும் போகும்படி வைப்பது. வி, டபிள்யூ இரண்டுக்கும் அப்படியே. மோட்டார் ஸ்டாரில் ஜோராகக் கிளம்பும். டைமர் மாறும். டெல்டா கான்டாக்டர் டக்கென்று இழுக்கும். ஃபியூஸ் போகாது, ஓவர்லோடு விழாது, ஒரு விளக்கும் எரியாது. மோட்டார் மட்டும் மெல்ல வேகம் இழந்து நின்றுவிடும். எல்லாரும் டைமரைத்தான் பிடித்தார்கள், அதுதான் மாறுகிற நேரத்தில் நடக்கிறதே. அந்தப் பெண், ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை லைனில் போட்டாள். டெல்டாவில் பூஜ்யம். கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாபா (சூலுவில் அப்பா), கான்டாக்டர் உள்ளே போயிருக்கு, சப்ளை இருக்கு, கரன்ட் மட்டும் இல்லை. அப்படியானால் சுருளின் இரண்டு முனைக்கும் நடுவில் வோல்டேஜ் இல்லை" என்றாள். யு1க்கும் யு2க்கும் இடையில் மீட்டர் வைத்தாள். அங்கே 400 வந்திருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை. வரைபடத்தைக்கூடப் பார்க்கவில்லை. அங்கிள் எழுந்து போய் அவள் தோளைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவள் அளக்கும் முன்பே சொன்னாள், கவனித்தீர்களா? எங்கள் மையத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி அது. மீட்டரை வைக்கும் முன், எந்த இடத்தில் என்ன ரீடிங் வரும் என்று எதிர்பார்க்கிறாய், ஏன், என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அளந்தால் எண் வரும், அர்த்தம் வராது. பழுதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நான் குறிப்பதில்லை. எத்தனை இடத்தில் அளந்தார்கள், எத்தனை பாகத்தைத் தேவையில்லாமல் கழற்றினார்கள் என்று குறிக்கிறேன். ஓலிஃபான்ட்ஸ்ஃபோன்டைனில் நடக்கும் தொழில் தேர்வில் நேரம் பார்க்கத்தான் செய்வார்கள், அதற்கும் பழக்குகிறோம். ஆனால் யோசனை சரியாக வந்தவனுக்கு வேகம் தானே வரும்.

இனி ஆபத்து. 24 வோல்ட்டில் எல்லாம் செய்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். முதல் மாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 24 வோல்ட்டிலேயே பழகியவன் கையுறை, பூட்டு, சீட்டு எதையும் மனதில் ஏற்றிக்கொள்ளாமல் 400 வோல்ட் பேனலுக்கு முன்னால் போய் நிற்பான். அது எனக்குச் சம்மதமில்லை. எங்கள் பலகையில் 400 வோல்ட் உண்டு. அதைத் தொடும் முன், சப்ளையை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கி, சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரை உயிருள்ள ஓரிடத்தில் சோதித்து, செத்த இடத்தில் வைத்து, மறுபடியும் உயிருள்ள இடத்தில் சோதிக்க வேண்டும். டெஸ்டரே செத்துப்போயிருந்தால் எல்லா இடமும் செத்ததாகத்தான் காட்டும். இந்தப் படிகளில் ஒன்றை விட்டவர்களை அன்றைக்குப் பலகைக்குப் பக்கத்தில் விடமாட்டேன்.

சப்ளையில், கரன்ட் தரைக்குக் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கிறது. மனித உயிரைக் காக்கும் அளவுக்கு நுணுக்கமான எர்த் லீக்கேஜ் கருவியை 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காகச் செய்தவர் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர், ஸ்டில்ஃபான்டைன் சுரங்கக் குடியிருப்பில் அது வீடுகளுக்கும் வந்தது. பிள்ளைகளிடம் இதைப் பெருமையாகச் சொல்வேன். கூடவே, ஒரு கை ஒரு ஃபேஸிலும் மறுகை இன்னொரு ஃபேஸிலும் பட்டால் அந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்வேன். டிரைவ் பலகைக்குத் தனி எச்சரிக்கை. 400 வோல்ட் டிரைவுக்குள் டி.சி. பக்கம் சுமார் 565 வோல்ட் நிற்கும், சப்ளையை எடுத்த பிறகும் கப்பாசிட்டரில் சில நிமிடம் தங்கும். அட்டையில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். மோட்டாருக்கு மெக்கர் வைக்கும் முன் டிரைவைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரைச் சோதிக்கப் போய் டிரைவைக் கொன்றுவிடுவோம்.

இந்த நாட்டுக்கே உரிய ஒரு பாடமும் பலகையில் இருக்கிறது. 2022, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. ஆறாம் நிலை என்று அறிவித்தால் நாடு முழுக்க 6000 மெகாவாட் வரை வெட்டு. மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் நேரம்தான் மோசம். ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டனும், ஸ்டார்ட்டிலிருந்து கையை எடுத்த பிறகும் கான்டாக்டரைப் பிடித்துவைக்கும் 13-14 ஹோல்டிங் கான்டாக்ட்டும் உள்ள சர்க்யூட்டில் சப்ளை போனதும் பிடி விட்டுவிடும், திரும்ப வந்தாலும் யாராவது அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. மிதவை சுவிட்ச், பிரஷர் சுவிட்ச் என்று இரண்டு ஒயரில் ஓடுபவை தானாகவே கிளம்பிவிடும். பந்தி திறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வதுபோல, பம்பும் கம்ப்ரசரும் ஒன்றாக ஆறேழு மடங்கு கரன்ட் கேட்டால் மெயின் பிரேக்கர் விழுந்துவிடும். பலகையில் மெயினை இறக்கி ஏற்றி இதைக் காட்டுகிறோம். எந்த எந்திரம் தானே கிளம்பலாம், எது கிளம்பவே கூடாது என்று பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர்ப் பம்ப் கிளம்பலாம். வெட்டும் எந்திரம் கிளம்பினால், இடையில் கையை விட்டுத் துப்புரவு செய்துகொண்டிருப்பவரின் விரல் போகும். கிளம்பக்கூடியவற்றை டைமர் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக எழுப்ப வேண்டும். வரைபடம் போடத் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு ஹோல்டிங் கான்டாக்ட் எதற்கு இருக்கிறது என்பது இந்த இடத்தில்தான் உறைக்கிறது.

கம்ப்யூட்டர் சிமுலேஷன் பற்றியும் கேட்பார்கள். சர்க்யூட்டைப் புரிந்துகொள்ள நல்லது, வீட்டில் உட்கார்ந்து நூறு தடவை செய்து பார்க்கலாம், செலவும் இல்லை. ஆனால் திரையில் டெர்மினல் சூடாகாது. கருகிய பேக்கலைட் வாசனை வராது. லூஸான ஒயரை லேசாக இழுத்துப் பார்க்கும் விரல் அங்கே பழகாது. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பெரிய திரையும் மென்பொருளும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நல்ல மீட்டர் இரண்டு, கிளாம்ப் மீட்டர் ஒன்று, எர்த் லீக்கேஜ், பூட்டுச் சாவி, ஒன்றரைக் கிலோவாட் மோட்டார் ஒன்று, இவற்றை முதலில் வாங்குங்கள். மற்றதைச் சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளின் குப்பைத்தொட்டியில் தேடலாம்.

நாங்கள் இப்போது தொழிற்சாலைகளிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். கழித்துப்போடும் பாகத்தைத் துடைக்காமல் அப்படியே கொடுங்கள், கூடவே அது எந்த எந்திரத்தில் இருந்தது, என்ன செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். சீட்டோடு வரும் பாகத்துக்குத்தான் மதிப்பு. கடைசியாக வந்திருப்பது கன்வேயர் ஒன்றின் லிமிட் சுவிட்ச், கேபிள் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் கிளாண்டோடு. "காலையில் மட்டும் நின்றுபோகும், பத்து மணிக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். கிளாண்ட் வழியாக இரவில் ஈரம் இறங்குகிறது என்பது என் கணக்கு, அங்கிள் வேறு என்னவோ சொல்கிறார். திறந்து பார்க்காமல் அப்படியே பலகையில் மாட்டியிருக்கிறோம், திங்கட்கிழமை காலை முதல் வகுப்புக்கு.